முப்பத்தேழாவது மீட்டர்

அம்பத்தூர் எஸ்டேட். லேத் பட்டறைக்கு மேல் இரண்டாம் மாடி.
உள்ளங்கையில் அடங்கும் ரேடார்
ஜன்னலோரம் முக்காலியில் நின்று
கீழே லாரி நிறுத்தும் திடலைப் பார்க்கிறது.
பார்க்கிறது என்பது என் பேச்சுப் பழக்கம்.
அது கூவுகிறது,
கூவியதில் திரும்பி வருவதைக் கேட்கிறது,
அவ்வளவுதான்.

திரையில் எல்லாம் அததன் இடத்தில்:
தண்ணீர் லாரி பதினான்கு மீட்டரில்,
கேட்டருகே தணிகாசலம் அண்ணனின் இரும்பு நாற்காலி இருபத்தொன்றில்,
சுற்றுச்சுவர் ஐம்பத்திரண்டில்.
முப்பத்தேழில் மட்டும்
யாரும் கட்டாத ஒரு வேலி,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

டேப் பிடித்து அளந்துகொண்டே போனேன்.
முப்பத்தேழில் வெறும் மண்,
ஒரு பான்பராக் உறை, என் நிழல்.
"எங்கடி இருக்க? திரையில காணோம்!"
மேலிருந்து ஃபர்ஸானா கத்தினாள்.
வேலி என்னை விழுங்கியிருந்தது.

எதிரொலி எவ்வளவு சின்னது என்றால்
கோயம்பேட்டில் விடிகாலை மூன்று மணிக்கு
தக்காளிப் பெட்டிகள் இறங்கும் கூச்சலில்
நாலாவது வரிசையில் ஒருத்தி
சில்லறை எண்ணுவதைக் கேட்க வேண்டும்.
பெரிய பெட்டியானால் தள்ளித் தள்ளி வைக்கலாம்.
இது ஒற்றை அறைக் குடித்தனம்.
தாளம் போடும் படிகமும்
மின்சாரத்தைப் பங்கு வைக்கும் சுருளும்
காதாக இருக்கும் பெருக்கியும்
ஒரே சுவரில் முதுகு சாய்த்துப் படுத்திருக்கின்றன.
ஒருவர் இருமினால் எல்லோர் தூக்கமும் போச்சு.

தரை இணைப்புகளை ஒரே புள்ளியில் சேர்த்தேன்.
செம்புத் தகட்டை வெட்டிக் கூரை போட்டேன்.
வேலி மெலிந்தது. போகவில்லை.

"அந்த ஒரு வரிசையை மட்டும்
சாஃப்ட்வேரில் அழிச்சிடலாமே" என்றார் வெங்கடாத்ரி சார்.
வெள்ளிக்கிழமை டெமோ.
அழிக்கலாம் சார்,
அங்கே ஒரு ஆள் நின்றால் அவனையும் சேர்த்து.

மே மாதம், இரவு ஒன்றேகால்.
கரண்ட் போனது.
ஏசி முனகி அடங்கியது.
பேட்டரியில் திரை மட்டும் எரிந்தது.
வேலி
இல்லை.

கீழே தணிகாசலம் அண்ணன்
ஈபிக்காரர்களை மூன்று தலைமுறைக்குத் திட்டிக்கொண்டிருந்தார்.
இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும்
கரண்ட் வரவே கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.

வந்தது. வேலியும் வந்தது.
ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன்.
அலைக்காட்டி. சால்டரிங் அயர்ன்.
ஃபர்ஸானாவின் கொசு மட்டை (அதுதான் என்று பந்தயமே கட்டியிருப்பேன்).
கடைசியில், மேசைக்கடியில்,
ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி
எழுபது ரூபாய்க்கு வாங்கிய
என்னுடைய ஃபோன் சார்ஜர்.

பூனையை மடியில் கட்டிக்கொண்டு
பத்தொன்பது நாள் சகுனம் பார்த்திருக்கிறேன்.

தூக்கி எறியவில்லை.
எறிந்தால் இந்த மேசை மட்டும்தான் சுத்தமாகும்.
ஊர் முழுக்க எழுபது ரூபாய் சார்ஜர்கள்.
அதைச் செருகியபடியே வைத்து
ரேடாரின் வாசலில் வடிகட்டி போட்டேன்,
ஃபெரைட் மணி ஒன்று, போதாமல் இன்னொன்று,
வேலி கரையும்வரை.

நாலரை மணி.
இனி மிச்சம் வெப்பத்தின் இரைச்சல்.
எலக்ட்ரான்களுக்கும் புழுக்கத்தில் தூக்கம் வராது போலிருக்கிறது.
அதைப் பிடுங்கப் பிளக் கிடையாது.
இருந்துவிட்டுப் போகட்டும்.

இருபத்தொன்றாவது மீட்டரில்
நாற்காலி மெல்ல ஏறி இறங்குகிறது.
இரும்பு ஏறி இறங்காதே.
மறுபடி சால்டரைத் தொடப் போனவள்
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

தலை தொங்கி, வாய் திறந்து,
தணிகாசலம் அண்ணன்.
நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு.
நேற்றுவரை இவ்வளவு மெல்லிய அசைவு
இந்தத் திரையில் தெரிந்ததில்லை.
டெமோவுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.
நேரமும் தேதியும்கூட ஓரத்தில் தானாகப் பதிந்திருக்கிறது.

கணினி குறிப்பு கேட்டது.
தட்டினேன்:
"சோதனை 212. நாற்காலி, காலி. அசைவில்லை."